மகளுக்குக் காகிதத்தில் ஒரு யாளித் தலை

என் மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளி நாடகத்தில் அவளுக்கு யாளி வேடம். கோயில் தூணில் நிற்கும் யாளி ஒரு ராத்திரி இறங்கி வந்து, அந்தத் தூணைச் செதுக்கிய சிற்பியின் பேத்தியோடு பேசுவதாகக் கதை. டீச்சரே எழுதியது. "உடம்புக்குத் துணி நாங்க பாத்துக்குறோம்மா, தலை மட்டும் நீங்க வீட்டுல செஞ்சு குடுத்துருங்க" என்று அவர் வாட்சாப்பில் குரல் அனுப்பியபோது நாடகத்துக்கு ஆறு வாரம் இருந்தது. வேடத்துணி வாடகைக்குத் தரும் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். கோலாலம்பூரில் சீனர்களின் சிங்க நடனத் தலை கிடைக்கும், ராஜா கிரீடம் கிடைக்கும், யாளி கிடையாது. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். இரண்டு தலை செய்தேன், முதலாவது வீணாகிவிட்டது, இரண்டாவதைத்தான் அவள் மேடையில் போட்டாள். இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் வேடத்துக்கு ராத்திரி உட்கார்ந்து அட்டை வெட்டுகிற அம்மா அப்பாக்கள் நிறையப் பேர் இருக்கிறோம், ஒருவருக்காவது அந்த முதல் தலை மிச்சமாகட்டும்.

முறை புதிதல்ல. ஜப்பானில் 'பேப்பர் கிராஃப்ட்' என்பதைச் சுருக்கிப் பெப்பாகுரா என்கிறார்கள். கணினியில் ஒரு முப்பரிமாண உருவத்தை எடுத்துக்கொண்டு, தீப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக விரிப்பதுபோல அதன் பக்கங்களை எல்லாம் விரித்து, தாளில் அச்சடித்து, வெட்டி மடித்துத் திரும்பவும் ஒட்டினால் அதே உருவம் கையில் நிற்கும். விரிப்பதற்கு டாமா சாஃப்ட்வேர் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெப்பாகுரா டிசைனர் என்ற மென்பொருள் இருக்கிறது, ஆனால் காசு கட்டாத பதிப்பில் வேலையைச் சேமிக்க முடியாது. நான் முப்பரிமாண உருவம் செய்யும் இலவச மென்பொருளான பிளெண்டரிலேயே உருவத்தைச் செய்து, அதோடு சேரும் 'எக்ஸ்போர்ட் பேப்பர் மாடல்' என்ற துணை நிரலை வைத்து விரித்துக்கொண்டேன். அலுவலகத்தில் வரைகலை வேலை பார்ப்பதால் பிளெண்டர் கொஞ்சம் தெரியும். தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், பலர் தலைக்கவச வடிவங்களைச் செய்து இலவசமாகவே போட்டிருக்கிறார்கள், அதில் ஒன்றை எடுத்துக் காது, கொம்பு, தும்பிக்கை மட்டும் நாம் அட்டையில் சேர்த்தாலே போதும்.

உருவத்துக்கு மதுரைக்குப் போனபோது எடுத்த படங்கள் இருந்தன. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள், வரிசையாக யாளிகள், சிங்க உடம்பும் தும்பிக்கையுமாகப் பாய்கிற மாதிரி நிற்கும். சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கும், விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. மகளுக்கு அந்த உருண்டையின் மேல்தான் ஆசை. அவளோடு உட்கார்ந்து படங்களைப் பார்த்தபோது, "அம்மா, அந்த உருண்டை இருக்குற எடத்துல என் மூஞ்சி இருந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. முகத்தை மூடுகிற மாதிரி செய்திருந்தால் கண்ணுக்கு ஓட்டை, மூச்சுக்கு ஓட்டை, வசனம் வெளியே கேட்பதற்கு வழி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும். வாயைத் திறந்து வைத்து அதற்குள் முகம் தெரிந்தால் பிள்ளை நன்றாகப் பார்க்கலாம், பேசலாம், மூச்சு விடலாம். பிள்ளைகளுக்குச் செய்பவர்கள் முடிந்தவரை இப்படியே யோசியுங்கள்.

முதலில் செய்த உருவத்தில் ஆயிரக்கணக்கில் முகங்கள் இருந்தன. காகிதத்துக்கு அது ஆகாது. ஒரு முகம் என்றால் ஒரு முக்கோணம் அல்லது நாற்கோணம், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு மடிப்பு. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன முக்கோணங்களை மடிக்கவே முடியாது. குறைத்துக் குறைத்து 412க்குக் கொண்டுவந்தேன், அப்போதுதான் யாளி பட்டை தீட்டிய கல் மாதிரி தெரிந்தது, அதுவே அழகாகவும் இருந்தது. இடது பக்கத்தை மட்டும் செய்து வலது பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாக எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் செய்தால் கோணிக்கொள்ளும்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மகளின் தலைச் சுற்றளவு 53 செ.மீ. அதை அப்படியே வைத்துச் செய்தால் தலை உள்ளே போகாது, போனாலும் உள்ளே ஸ்பாஞ்ச் வைக்க இடமிருக்காது. சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளி வேண்டுமென்றால் சுற்றளவில் 12 செ.மீ.க்கு மேல் கூட்ட வேண்டும், ஆக உள்சுற்று 66 செ.மீ. என்று வைத்தேன். இதைவிட முக்கியம், தலையை எப்படி அளக்கிறோம் என்பது. நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் முடியை விரித்துப் போட்டிருந்தபோது அளந்தேன். மேடையில் அவளுக்குக் கொண்டை. கொண்டை போட்டு அளந்தால் முன்நெற்றியிலிருந்து பின்மண்டை வரை 3 செ.மீ. கூடுதலாக வந்தது. மேடையில் முடி எப்படி இருக்கும், கண்ணாடி போடும் பிள்ளையா, காதில் ஜிமிக்கி உண்டா என்று டீச்சரிடம் கேட்டுவிட்டு அளவு எடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, கழுத்துப் பக்கத் திறப்பு. தலையின் அகலமான இடம் காதுக்கு மேலே இருக்கிறது, அது கழுத்துத் திறப்பு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கணினியில் பார்க்கும்போது கழுத்துப் பக்கம் குறுகலாக இருந்தால் கம்பீரமாகத் தெரியும், அதை நம்பி இறங்கினால் தலையை நுழைக்கப் பின்பக்கத்தைக் கிழிக்க வேண்டிவரும். முழுசாகச் செய்வதற்கு முன்னால் நெற்றிச் சுற்று ஒரு வளையம், கழுத்துத் திறப்பு ஒரு வளையம், இரண்டையும் மணிலா அட்டையில் பட்டையாக வெட்டி ஒட்டிப் பிள்ளையின் தலையில் மாட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

இப்போது முதல் தலையின் கதை. அச்சுக்கடையில் கோப்பைக் கொடுத்தேன், 31 தாள், கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாதி வெட்டிய பிறகுதான் ஒரு தாளில் நான் போட்டு வைத்திருந்த 10 செ.மீ. சதுரத்தின் மேல் அளவுகோலை வைத்தேன், 9.6 காட்டியது. அச்சடிக்கும்போது 'தாளுக்குப் பொருத்து' என்பது தேர்வாகியிருந்திருக்கிறது, எல்லாம் 4 சதவீதம் சுருங்கிவிட்டது. 66 செ.மீ.யில் 4 சதவீதம் என்றால் இரண்டரை செ.மீ.க்கு மேல். அப்போதே நிறுத்திவிட்டு மறுபடி அச்சடித்திருக்க வேண்டும். வெட்டிய தாள்களைப் பார்க்க மனசு வரவில்லை, ஸ்பாஞ்சைக் கொஞ்சம் மெல்லியதாக வைத்துச் சமாளிக்கலாம் என்று தொடர்ந்தேன். நீங்கள் கோப்பின் முதல் தாளிலேயே ஒரு 10 செ.மீ. சதுரம் போட்டு வையுங்கள், கடையில் '100 சதவீதம், அசல் அளவு' என்று சொல்லி ஒரு தாள் மட்டும் அடிக்கச் சொல்லி அங்கேயே அளந்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.

தாள் எது என்று கேட்பார்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் தன் எடையைத் தாங்காது, 300 ஜிஎஸ்எம் அட்டை மடிப்பில் வெடிக்கும். 160க்கும் 200க்கும் நடுவில் எடுத்துக்கொள்ளுங்கள், நான் 180 எடுத்தேன், ஏ4 அளவு, நூறு தாள் கட்டு 18 வெள்ளி (ரிங்கிட்). தாளுக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் சுலபமாக வளையும், அந்தத் திசையில் மடிப்பு சுத்தமாக விழும், எதிர்த் திசையில் கொஞ்சம் சிலும்பும். தும்பிக்கையின் நீள மடிப்புகள் நாரோடு ஓடுகிற மாதிரி துண்டுகளைத் தாளில் திருப்பி வைத்தது நல்ல பலன் கொடுத்தது. அச்சு லேசராக இருந்தால் நல்லது. வீட்டு இங்க்ஜெட்டில் அடித்ததன் மேல் பசை பட்டால் மை கரைந்து ஓடும், எண்களைப் படிக்க முடியாது.

எண்கள் எதற்கு என்றால், வெட்டும் விளிம்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கும், 57 என்ற விளிம்பு இன்னொரு துண்டில் இருக்கும் 57ஓடு சேர வேண்டும். மடிப்புக் கோடுகளில் இரண்டு வகை. வெளியே முட்டி நிற்பது மலை மடிப்பு, உள்ளே குழிவது பள்ள மடிப்பு, கோட்டின் புள்ளியும் கீற்றும் வேறுபடும். கறுப்பு வெள்ளை அச்சில் அது ராத்திரி பத்து மணிக்கு மேல் கண்ணுக்குப் பிடிபடாது. மகளை உட்கார வைத்து மலைக்கு ஆரஞ்சு, பள்ளத்துக்கு நீலம் என்று பேனாவால் எல்லாக் கோட்டையும் தடவச் சொன்னேன், ஒரு சனிக்கிழமை முழுக்க அவளுக்கு அந்த வேலை. அதற்கப்புறம் ஒரு மடிப்பும் தப்பவில்லை.

மடிப்பதற்கு முன்னால் கீற வேண்டும், இதைத் தவிர்க்கவே கூடாது. மை தீர்ந்துபோன பந்துமுனைப் பேனா ஒன்று, இரும்பு அளவுகோல் ஒன்று. கோட்டின் மேல் பேனாவை அழுத்தி ஓட்டினால் தாள் வெட்டுப்படாமல் ஒரு பள்ளம் விழும், அப்புறம் மடித்தால் கோடு போட்டது போட்ட மாதிரி மடியும். துண்டை வெட்டி எடுக்கும் முன்பே, தாள் முழுசாக இருக்கும்போதே எல்லாக் கோட்டையும் கீறிவிடுங்கள், வெட்டிய பிறகு சின்னத் துண்டுகளைப் பிடித்துக் கீற முடியாது. வெட்டும் கத்தியின் முனையை அடிக்கடி ஒடித்துப் புதிதாக்குங்கள். மழுங்கிய கத்திதான் கையை அறுக்கும், அது வழுக்கும்.

பசையில் நான் மூன்றைப் பார்த்தேன். உடனடியாக ஒட்டும் சூப்பர் குளூ வேகம்தான், ஆனால் அரை மில்லிமீட்டர் தள்ளி ஒட்டிவிட்டால் முடிந்தது, திருத்த முடியாது. சூட்டில் உருக்கி ஒட்டும் ஹாட் குளூ தடிமனாக நிற்கும், இரண்டு தாளுக்கும் நடுவில் ஒரு திட்டு வந்துவிடும். வெள்ளை மரப்பசைதான் எனக்குப் பிடித்தது. பல்குச்சியால் மெல்லிய கோடாகத் தடவி, இரண்டு விரலால் அரை நிமிடம் பிடித்தால் போதும், கொஞ்ச நேரம் நகர்த்தித் திருத்தவும் விடும். ஒட்டுவதற்காக விளிம்பில் விட்டிருக்கும் மடலின் ஓரம் வரை பசை போக வேண்டும், நடுவில் மட்டும் வைத்தால் ஓரம் வாயைப் பிளக்கும். என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நாங்க தோட்டத்துல திருவிழாவுக்குக் காகிதக் கூண்டு செய்யறப்போ மாவுப்பசைதான் காய்ச்சுவோம்" என்றார். மாவுப்பசை நன்றாகவே ஒட்டும், ஆனால் இந்த ஊர் ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், கரப்பான் வந்து மேயும். அதைத் தடுக்க அந்தக் காலத்தில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம். பிள்ளை தலையில் மாட்டுகிற பொருளில் அது வேண்டாம்.

முதல் தலையில் செய்த பெரிய தவறு ஒட்டும் வரிசை. இடது பாதியை முழுசாக முடித்தேன், வலது பாதியை முழுசாக முடித்தேன், கடைசியில் இரண்டையும் சேர்க்கலாம் என்று. சேர்க்கும்போது பின்மண்டையில் ஒரு செ.மீ. இடைவெளி. எங்கே தப்பு என்று தேடினேன், எங்கேயும் பெரிய தப்பு இல்லை. நெற்றியிலிருந்து பின்னந்தலை சுற்றி வர 22 ஒட்டு, ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் 11 மி.மீ. ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். இரண்டாவது தலையில் உச்சியிலிருந்து தொடங்கினேன். உச்சி நடுத்துண்டு, அதற்கு இடது ஒன்று, வலது ஒன்று, திரும்ப இடது ஒன்று, வலது ஒன்று என்று குடை விரிகிற மாதிரி கீழே இறங்கினேன். பிழை வந்தாலும் இரண்டு பக்கமும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மேசையில் வைத்துப் பார்த்தேன், ஆடினால் அந்தச் சுற்றிலேயே பிரித்துச் சரி செய்தேன்.

அந்த ஒரு செ.மீ. இடைவெளியை முதல் தலையில் என்ன செய்தேன் தெரியுமா? இழுத்துப் பிடித்து ஹாட் குளூ போட்டு மூடினேன். காகிதம் அந்த இழுப்பை மறக்கவே இல்லை. அண்ணன் பத்துமலைப் பக்கம் காருக்குப் பட்டறை வைத்திருக்கிறார், அங்கே ரெசின் என்கிற, காய்ந்தால் கெட்டியாகும் பிசினைப் பூசி இறுக்கிவிடலாம் என்று தலையை எடுத்துக்கொண்டு போனேன். பாலியஸ்டர் ரெசினில் கெட்டியாக்கும் திரவம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் கலக்க வேண்டும், நம் ஊர் வெயிலில் அதுவே சீக்கிரம் இறுகும், கூடினால் கிண்ணத்திலேயே சூடாகிக் கட்டிவிடும். ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான் தடிமனாகப் பூசினேன், கழுத்துத் திறப்புக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்கவும் இல்லை. இறுகும்போது இழுத்துக் கட்டிய பின்பக்கம் ஒரு பக்கமாக முறுக்கியது, இடது தாடை உள்ளே மடிந்தது. கல் மாதிரி இறுகிவிட்டது, பிரிக்கவும் முடியாது, நிமிர்த்தவும் முடியாது. அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூசுறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியேதாம்மா நிக்கும். கார்ல டிங்கர் பண்ணாம பெயிண்ட் அடிச்சா பள்ளம் போயிருமா?" என்று கேட்டார். இரண்டாவது தலை செய்த மூன்று வாரமும் அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பூச்சு எதையும் திருத்தாது, இருக்கிற கோணலை நிரந்தரமாக்கும். வெறும் காகிதமாக இருக்கும்போதே பிள்ளையின் தலையில் மாட்டி, கண்ணாடி முன் நிறுத்தி, முன்னாலும் பக்கத்திலும் படம் எடுத்துப் பார்த்து, திருப்தி இல்லையென்றால் பிரியுங்கள். காகிதத்தில் ஒரு துண்டை மாற்ற இருபது நிமிடம் ஆகும், இருபது சென் தாள் செலவாகும்.

ரெசின் பற்றி இன்னொன்று. அதன் நெடி சாதாரண முகமூடிக்கு நிற்காது, ரசாயன ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி வைத்த கவசம் வேண்டும், கையுறை வேண்டும், திறந்த வெளி வேண்டும். செந்தூலில் அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் இருக்கிறோம், வீட்டுக்குள் அதைத் திறக்கவே கூடாது. அதனால் இரண்டாவது தலைக்கு ரெசினே வேண்டாம் என்று முடிவு செய்தேன். பெரியவர்கள் பலமுறை போட்டுக்கொண்டு கூட்டத்தில் சுற்ற வேண்டிய தலைக்கவசத்துக்கு ரெசினும் உள்ளே கண்ணாடி இழையும் தேவைப்படலாம், 12 நிமிட நாடகத்துக்குத் தேவையில்லை.

அதற்குப் பதிலாக உள்பக்கம் காகிதக்கூழ் வேலை மாதிரி பட்டை பட்டையாக ஒட்டினேன். வெள்ளை மரப்பசை மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, விரல் அகலத்துக்குக் கிழித்த தாள். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் மெலிந்து படியும். முதல் அடுக்கு பழைய தமிழ் நாளிதழ், இரண்டாவது அடுக்கு பழுப்புநிறப் பொட்டலத் தாள், மூன்றாவது திரும்பவும் நாளிதழ். நிறம் மாறி மாறி வருவதால் எங்கே விட்டுப்போனது என்று உடனே தெரிந்துவிடும், இல்லையென்றால் ஒரே இடத்தில் நாலு அடுக்கும் இன்னொரு இடத்தில் ஒன்றும் என்று ஆகிவிடும். ஈரம் பட்டால் காகிதம் தளரும், அதனால் பூசுவதற்கு முன்னால் கழுத்துத் திறப்பிலும் வாய்த் திறப்பிலும் ஐஸ்கிரீம் குச்சிகளைக் குறுக்கே ஒட்டி முட்டுக் கொடுத்தேன், எல்லாம் காய்ந்த பிறகு வெட்டி எடுத்துவிட்டேன். முறுக்கல் துளிகூட இல்லை.

காய்வதுதான் இங்கே பெரிய சோதனை. அக்டோபர் மாதம், தினமும் மூன்று நாலு மணிக்கு மழை, துணியே இரண்டு நாள் ஆகிறது. முதல் அடுக்கு தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது, அடுத்ததைப் பூசினேன், உள்ளே ஈரம் அடைபட்டு இரண்டு நாளில் புளித்த வாடை வந்தது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரலை நம்பாதீர்கள், கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஈரமிருந்தால் குளிர்ச்சி தெரியும். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி இழுக்கும். மின்விசிறிக்கு எதிரே ஒரு குடத்தின் மேல் கவிழ்த்து வைத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு நாளைக்கு ஒரு அடுக்குதான்.

வெளியே ஒட்டுக் கோடுகளை மறைக்கச் சுவருக்குப் பூசும் லேசான பூச்சு, காய்ந்ததும் 120 எண் உப்புத்தாளால் ஒரு தடவை, 240 எண் உப்புத்தாளால் ஒரு தடவை தேய்த்தேன். காருக்குப் போடும் பட்டி வேண்டாம், அது கெட்டி, நம் தலையோ கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அழுத்தினால் வெடித்து உதிரும். தூசு மூக்கில் போகாமல் முகமூடி போட்டு வராந்தாவில் தேயுங்கள். மழைநாளில் ஸ்பிரே பெயிண்ட் அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் அதன் மேல் வெள்ளை பூத்துவிடும். நான் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையாலேயே அடித்தேன். கறுப்பு கலந்த சாம்பல் அடியில், காய்ந்த பிறகு பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் வெளிர் சாம்பலைத் தொட்டு, தாளில் துடைத்துவிட்டு, முனைகளில் மட்டும் லேசாக ஒற்றினேன். கருங்கல் மாதிரியே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் பார்த்துவிட்டு, "இவ்வளவு கல்லையா பிள்ள தலையில வைக்கப் போற?" என்று பதறினார், கையில் கொடுத்த பிறகுதான் சிரித்தார்.

தலை பிள்ளையின் தலையில் உட்கார வேண்டுமே, அதற்குக் கட்டுமான வேலைக்காரர்கள் போடும் பாதுகாப்புத் தொப்பியின் உள்பட்டையைக் கழற்றி மாட்டினேன். பின்னால் திருகி இறுக்கலாம், தலைக்கும் கூட்டுக்கும் நடுவில் காற்று ஓடும், வேறு பிள்ளை போட்டாலும் பொருந்தும். நெற்றியில் ஒரு திட்டு ஸ்பாஞ்ச், காதுக்கு மேல் இரண்டு, தாடைக்கு ஒரு பட்டை. பிடரி மயிருக்கு அடியில் தெரியாத மாதிரி காற்றுக்கு நாலு துளை, காதுக்கு நேரே இரண்டு துளை. காதுத் துளை இல்லாமல் முதல் ஒத்திகையில் அவளுக்கு எதிரே பேசுகிற பிள்ளையின் வசனம் கேட்கவில்லை, பாவம், தடுமாறிவிட்டாள். எல்லாம் சேர்த்து 640 கிராம். தும்பிக்கை முன்னால் நீட்டியிருப்பதால் தலை குனிந்துகொண்டே இருந்தது, கழுத்து வலிக்கிறது என்றாள். தும்பிக்கையை 4 செ.மீ. குறைத்து, பின்மண்டையில் துணியில் சுற்றி இரும்பு வளையங்கள் ஒட்டினேன், எடை கூடினாலும் அவளுக்கு வலி போய்விட்டது. இதை மேடைக்கான வேடம் என்று மட்டும் நினைவில் வையுங்கள், விழுந்தால் அடிபடாமல் காப்பாற்றும் கவசம் இல்லை, போட்டுக்கொண்டு ஓடவோ படிக்கட்டில் தனியாக இறங்கவோ விடாதீர்கள்.

ஒத்திகை நாளில் காருக்குள் தலையை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மதியம் முழுக்க வெயிலில் நின்ற கார். சாயங்காலம் திறந்தால் இரண்டு காதும் தொங்கிக்கொண்டிருந்தன, உள்பட்டையின் ஒரு பிடி கழன்றிருந்தது. ஹாட் குளூவால் ஒட்டிய இடங்கள் மட்டும் இளகிவிட்டன, மரப்பசையால் ஒட்டியது ஒன்றும் அசையவில்லை. அன்று ராத்திரியே காதுகளை எடுத்து, அடியில் மடல் வெட்டி, கூட்டில் கீறல் போட்டு உள்ளே நுழைத்து மரப்பசையால் ஒட்டினேன், உள்பட்டையை நாலு சின்ன ஆணியும் வளையமும் வைத்துத் திருகினேன். எடை தாங்குகிற எந்த இடத்திலும் ஹாட் குளூவை மட்டும் நம்பாதீர்கள்.

நாடகத்தன்று விளக்கை எல்லாம் அணைத்து ஒரே ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் வைத்தார்கள். தூணுக்குப் பக்கத்தில் அவள் அசையாமல் நின்றாள், நிஜமாகவே கல் என்று நினைத்து முன்வரிசைப் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அந்த வாய்க்குள்ளிருந்து ஒரு முகம் கண்ணைத் திறந்து, "என்னைச் செதுக்கிய கை எங்கே?" என்று கேட்டதும் கூடமே அமைதியாகிவிட்டது. நான் கைப்பேசியில் படம் எடுக்க மறந்துவிட்டேன். டீச்சர் எடுத்ததைத்தான் இப்போது வைத்திருக்கிறேன்.

செலவு எல்லாம் சேர்த்து, வீணான முதல் தலையையும் கணக்கில் எடுத்தால், 140 வெள்ளி பக்கம் வந்தது. இரண்டாவது தலை மட்டும் என்றால் 65க்குள். தலை இப்போது அலமாரிக்கு மேல் ஒரு பெரிய பெட்டியில் இருக்கிறது, உள்ளே ஈரத்தை இழுக்கும் சிலிக்கா பொட்டலங்கள் ஆறு, மாதம் ஒரு முறை எடுத்து விசிறிக்கு எதிரே வைக்கிறேன். அடுத்த வருஷம் வேறொரு பிள்ளைக்கு வேண்டும் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். பெட்டியின் மேல் உள்சுற்று 66, கழுத்துத் திறப்பு 64, கொண்டை போட்டு அளக்கவும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.